அப்பா தோற்றுக்கொண்டிருந்த ஐப்பசி

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் காலைப் பூசை, மறைக்கல்வி வகுப்பு, கறிக்குழம்பு, தூக்கம், அவ்வளவுதான். திடீரென்று ஒரு வாரம் ஆழியாறு, ஒரு வாரம் உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புகள், இன்னொரு வாரம் அமராவதி அணை. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துச் சந்திலிருந்து எங்கள் பழைய கார் வெளியே வரும்போது எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு ராணி மாதிரிக் கையாட்டுவேன். எல்லாம் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒற்றைப் பிள்ளைக்கு அந்தத் திமிர் கூட இல்லாவிட்டால் எப்படி?

உண்மை வேறு. அப்பாவுக்குக் கண் நரம்பு வாடிக்கொண்டிருந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற பார்வை எத்தனை நாளைக்கு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அப்பா பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அந்த வேலையை விரல்கள் பார்த்துக்கொள்ளும் என்று தைரியமாகத்தான் இருந்தார். ஆனால் அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்குள் அம்மா கார் ஓட்டப் பழகியாக வேண்டும். ஆழியாறும் அமராவதியும் அம்மாவுக்கான பாடங்கள். இதெல்லாம் உறவுக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருந்ததால் எனக்கும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஓட்டை வாய். இப்போதும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

அம்மா ஓட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். கியர் மாற்றும்போதெல்லாம் "மாதாவே" என்பாள். பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தால், அவனுக்குக் கேட்கிற மாதிரி, "சித்தெ இருங்க சாமி, போயிர்றேனுங்க" என்று பதில் சொல்வாள். முன்னால் இருக்கிற தார் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். பக்கத்தில் யானையே வந்து நின்றாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

வழி சொல்லும் அம்மணி செல்போனுக்குள் வந்து உட்காராத காலம் அது. அதனால் அப்பா ஒரு போட்டி கண்டுபிடித்தார். வழியில் வரும் போர்டை யார் முதலில் சத்தமாகப் படிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பேக்கரித் தேங்காய் பன்னில் முதல் துண்டு. நான் பின்சீட்டில், இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் நான்தான் ஜெயிப்பேன். மதுக்கரை, பொள்ளாச்சி, இடப்பக்கம் திரும்பவும், வளைவு, மெதுவாகச் செல்லவும். ஒரு தடவைகூட அப்பா ஜெயித்ததில்லை. பெரிய மனிதர், மீசை வைத்தவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படித் தோற்கிறாரே என்று எனக்கே பாவமாக இருந்தது.

கடலுக்குப் போகிற ஞாயிறு வந்தது. அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதால், அன்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொரு ஒறுத்தல் செய்யச் சொன்னார். நமக்குப் பிடித்த ஒன்றை, பிறருக்காக, வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்துப் பெண் சாக்லேட்டை விடப்போவதாகச் சொன்னாள். நான் அவளைவிட உசத்தியாகச் செய்ய நினைத்தேன். இன்றைக்கு ஒரு போர்டு, இருப்பதிலேயே பெரிய போர்டு, அதை அப்பாவுக்கு விட்டுவிடுவது என்று பீடத்தைப் பார்த்து மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிளம்பவே மணி பத்தாகிவிட்டது. பொழுது சாய்ந்துவிட்டால் அப்பாவுக்குக் கண் சுத்தமாகத் தெரியாது. அதற்குள் கேரளத்துப் பொன்னானிக் கடற்கரைக்குப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. வாளையார் தாண்டியதும் கார் கொதித்து நின்றது. எங்கள் வீட்டு வழக்கப்படி டிக்கியில் இரண்டு கேன் நிறையச் சிறுவாணித் தண்ணீர் இருந்தது. கோயமுத்தூர்க்காரர்கள் எங்கே போனாலும் வேறு தண்ணீர் வாயில் வைக்க மாட்டார்கள். அதை ரேடியேட்டருக்கு ஊற்ற அம்மாவுக்கு மனசே வரவில்லை. "கேரளாக்காரங்க தண்ணிய நம்மால குடிக்க முடியாதுங்க, இது இருக்கட்டும்" என்று, ஒரு வீட்டுக் கிணற்றில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். சிறுவாணி அணையே கேரளத்துக்குள்தான் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது? அதில் ஒரு மணி நேரம் போயிற்று. அம்மாவின் வேகத்தில் மீதியும் போயிற்று.

வெயில் மஞ்சளாக மாறிய நேரத்தில் ஒரு நாற்சந்தி வந்தது. அதற்கு முன்னால், தூரத்திலேயே, ஒரு பெரிய பச்சை போர்டு. மேலே மலையாளம், கீழே ஆங்கிலம், இடப்பக்கம் அம்புக்குறி. ஆங்கில எழுத்தை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பொன்னானி. தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கண்ணு, போர்டு ஏதாச்சு வருதா?" என்றார் அப்பா.

படிங்க, படிங்க என்று உள்ளுக்குள் துடித்தேன். அவர் கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். போர்டு எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. அம்மா "மாதாவே" என்று கியர் மாற்றி நேராக ஓட்டினாள்.

வெகுதூரம் போன பிறகு, இருபுறமும் வயலாக இருந்த இடத்தில், அப்பா மறுபடியும் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. "அது அப்பவே போயிருச்சுங்ப்பா. நீங்க ஜெயிக்கோணும்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஒறுத்தலுங்ப்பா."

அம்மா காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வெளியே வெயில் பனைமரத்து உச்சிக்குப் போய்விட்டிருந்தது. இனி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் இருட்டிவிடும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்குப் பயமாகிவிட்டது. விட்டுக்கொடுத்தால் பாராட்டுவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அப்பாதான் முதலில் சிரித்தார். பொய்ச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அம்மாவின் முதுகைத் தட்டிச் சொன்னார்.

"மேக்கால போய்ட்டே இரு புள்ள. வெயில் மூஞ்சீல அடிக்குதில்ல, அதான் ரோடு. கடலு எந்திரிச்சா போயிரப் போவுது?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். அன்றைக்கு அவள் ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. மாதாவைக் கூப்பிடவே இல்லை. லாரியை முந்தினாள், ஹாரன் அடித்தாள், ஒரு பாலத்தில் பஸ்காரரையே ஒதுங்க வைத்தாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

ரோடு முடிந்த இடத்தில் மணல் இருந்தது. பலூன் விற்கிறவர்களோ, குதிரைச் சவாரியோ, கூட்டமோ எதுவும் இல்லை. காயப்போட்ட வலைகள், காக்கைகள், அப்புறம் கடல். சூரியன் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாசம் என்று நினைத்தேன். பாசமும்தான்.

அலை காலைத் தொட்டதும் நின்றார். "தெரியுது புள்ள, தெரியுது" என்றார் அம்மாவிடம். பிறகு என்னிடம், "இதுல என்ன எழுதியிருக்குது, படி கண்ணு" என்றார்.

"போர்டே இல்லீங்ப்பா. தண்ணிதானுங்க இருக்குது."

"செரி, தண்ணியப் படி."

படித்தேன். அஞ்சு தோணி, ஒன்று நீலம். அலை வெள்ளையாக வருது, கறுப்பாகப் போகுது. ஒரு பறவை தண்ணிமேல் உட்காருது. சூரியன் பாதியாகிடுச்சு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜெபமாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா சற்றுத் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். வண்டி ஓட்டிக் கை வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

காருக்குத் திரும்பியதும் அப்பா பன் பொட்டலத்தைப் பிரித்தார். "இன்னிக்கு ஜெயிச்சது நானாக்கும்" என்று முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒறுத்தல் ஒறுத்தல்தானே என்று பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆனைகட்டிக்குப் போனோம். இனிமேல் விட்டுக்கொடுப்பதெல்லாம் கிடையாது என்று முதல் போர்டிலிருந்தே கத்திப் படித்தேன். அப்பா மறுபடி தோற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும், "ஜெயிச்சுட்டியா சாமி, படி, இன்னும் சத்தமாப் படி" என்று எனக்குக் கை தட்டினார். தோற்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.