கல்யாணத்துக்கு வந்த ஐஸ் பெட்டி

மர்பி டவுனில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தொழில். பெரிய பிள்ளை சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோவான். சின்னவன் பந்தலும் நாற்காலியும் போடுவான். அண்டா, குண்டான், கரண்டி என்னுடையது. மூன்றையும் தொடங்கினவள் நான்தான். பிள்ளைகள் இதை அடிக்கடி மறந்துபோவதால் நானும் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

ஆர்டர்களைப் பெரியவன் போனில் வைத்திருந்தான், சின்னவன் கம்ப்யூட்டரில், நான் நோட்டில். என் நோட்டை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. வட்டம் போட்டால் அண்டா, வட்டத்துக்குக் காது வைத்தால் குண்டான். ஆட்களின் பெயரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவர்கள் வீட்டு கேட்டை வரைந்துவிடுவேன்.

இதனால் கஷ்டமெல்லாம் சாவு வீட்டுக்காரர்களுக்கு. பேரென்ன, வீட்டு நம்பரென்ன, எந்த கிராஸ் தெரு என்று பெரியவன் கேட்பான். அழுதுகொண்டே சொல்வார்கள். அரை மணி கழித்துச் சின்னவன் அதையே கேட்பான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்வார்கள். அப்புறம் நான் போன் போட்டு, உங்க கேட்டு என்ன கலர் என்பேன். ஒரு மனுஷன் பொறுக்க முடியாமல், "செத்தவரையே எழுப்பி விடறேன், அவர்கிட்டயே கேட்டுக்கங்கம்மா" என்றார்.

என் சின்ன மருமகளுக்குக் கம்பெனியில் வேலையே இந்த மாதிரி தனித்தனியாகக் கிடப்பதை ஒன்றாகச் சேர்ப்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எங்கள் மூன்றையும் சேர்த்துவிட்டாள்.

"அத்தை, இனிமே ஒரு வாட்டி எழுதினா போதும், மூணு பேருக்கும் போயிடும். போன் நம்பர் ஒண்ணா இருந்தா வீடும் ஒண்ணுதான்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும்."

"ஒரே வீட்ல நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். அது அதுக்குத் தெரியுமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அத்தை."

சும்மா இருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும் என்று சாமான் ஒவ்வொன்றுக்கும் படம் போட்டுக் கொடுத்தாள். 'போன தடவை மாதிரியே' என்று ஒரு பட்டனும் வைத்தாள். அதை அழுத்தினால் அந்த வீட்டுக்கு முன்பு மூன்று பேரும் அனுப்பினதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளையும்விட வேகமாக ஆர்டர் எடுத்தேன். கொஞ்சம் தலைக்கேறிப் போச்சு என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் காக்ஸ் டவுன் பெண்மணி போன் பண்ணினாள். பத்து மாதத்துக்கு முன் அவள் புருஷன் தவறினபோது எல்லாம் எங்களிடமிருந்துதான் போனது.

"வருஷம் திரும்பறதுக்குள்ள பொண்ணுக்கு முடிச்சிடணும்னு சொல்றாங்கக்கா. அடுத்த மாசமே வச்சிட்டோம். சத்திரத்துல நாற்காலி கிடையாதாம். மாப்பிள்ளை வீட்ல சகுனம் ரொம்பப் பார்ப்பாங்க. பல்லி கத்துச்சுன்னு நிச்சயத்தையே ஒரு தடவை தள்ளி வச்சவங்க. ஒரு குறையும் வரக்கூடாதுக்கா."

"வராதும்மா. நம்பர் அதேதானா?"

"அதேதான். அவரோட போனை இப்ப நான்தான் வச்சிருக்கேன்."

பட்டனை அழுத்தினேன். நாற்காலி வந்தது, பந்தல் வந்தது, பாய்லர் வந்தது. கடைசியில் நீளமாக ஒரு படம். பந்தி மேசை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் படத்துக்கு மருமகள் மாலை போட்டு வைத்திருக்கிறாள், அன்றைக்கு மாலை இல்லை. ஒரு மேசையில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று அதை இருபதாக்கப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு ஒரே மேசை வைத்திருக்கிறாயே, நீயெல்லாம் தொழில் செய்கிறாயா என்று சின்னவனைக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன்.

ரிசப்ஷன் அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பாத்திரம் சரிபார்க்கச் சத்திரத்துக்குப் போனேன். வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டி நின்றிருந்தது. கண்ணாடி மூடி இல்லை, உடலைக் கிடத்துகிற தட்டோடு அடிப்பெட்டி மட்டும். எங்கள் வண்டி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"ஏம்பா, இதை எதுக்கு இறக்கினே?"

"லிஸ்டுல இருந்துச்சும்மா. மூடி வண்டியில இருக்குது, அடுத்த லோடுல கொண்டாறேன்."

"கல்யாணத்துக்கு எதுக்கு ஐஸ் பெட்டின்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சும்மா. அவங்க வீட்டு சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அல்சூரில் ஜாமாம், திரும்பி வர ஒரு மணி நேரமாகுமாம். வாசல் மண்ணில் சக்கரம் உருளாது, நான்கு ஆள் தூக்கினால்தான் அந்தப் பெட்டி நகரும். சமையல்காரர்களைக் கூப்பிட்டேன். தொட மாட்டோம் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டுப் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. பல்லிக்கே நிச்சயத்தைத் தள்ளி வைத்தவர்கள் இதைப் பார்த்தால் பஸ்ஸைவிட்டே இறங்க மாட்டார்கள். ஜமுக்காளம் ஒன்றை உதறிப் பெட்டிமேல் விரித்து, தரைவரை இழுத்துவிட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாரும் இறங்கி என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். வயசான பொம்பளை உட்கார்ந்திருந்தால் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல உசரம்மா. முட்டி வலிக்கவே இல்ல. இந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்டுக்குக் கெடைக்குமா?"

"வேளை வந்தா நாங்களே வீடு தேடிக் கொண்டாந்து குடுப்போங்க. இப்ப உள்ள போய் காபி குடிங்க" என்றேன். சந்தோஷமாக எழுந்து போனார்.

அவர் போனதும் பெண்ணின் அம்மா வந்தாள். சடங்கு முடியும்வரை முன்னால் வரக்கூடாது என்று அவளைச் சமையல்கட்டில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். எனக்குக் காபி கொண்டுவந்தவள், பெரியப்பா எழுந்தபோது விலகின ஜமுக்காளத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டாள். ஓர் இரவு முழுக்க அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவள். தெரியாமல் இருக்குமா?

மாட்டிக்கொண்டால் மருமகள்மேல் பழி போடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"நான்தாம்மா. மேசைன்னு நெனச்சு அழுத்திட்டேன்" என்றேன்.

டம்ளரை என் கையில் கொடுத்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

"அவருக்குத்தான் பத்திரிகை வைக்க முடியலையேன்னு இருந்தேங்க்கா. நீங்க வண்டி வச்சே கூட்டியாந்துட்டீங்க."

பெரியப்பா உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அவள் அண்ணி எட்டிப் பார்த்து, "நீ எதுக்கு வாசல்ல இருக்க? உள்ள வா" என்றாள்.

"இங்கேர்ந்து பாத்தா மேடை நல்லாத் தெரியுதுங்க அண்ணி. நான் இங்கயே இருக்கேன்."

நாலரைக்கு வண்டி வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மேடைக்குப் பெண்ணை அழைத்துவரும் நேரம். டிரைவரைக் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன்.