கோப்புகளை எழுதியவர் எங்கள் உம்மா

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனைப் புகழ்ந்து தொடங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அடுத்தபடியாக உற்றார் உறவினரைப் புகழ வேண்டும் என்று உம்மாவின் இந்த நினைவு மலரை அச்சடித்துத் தரும் கல்முனை அச்சகத்துக்காரர் சொன்னார். மாதிரிக்கு ஐந்தாறு மலர்களையும் எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் இறந்தவர் நல்லவர், இருப்பவர்களும் நல்லவர்கள். எங்கள் உம்மா நல்லவர் என்பதற்கு நான் சாட்சி. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படலாம். ஒரு வருடமாக நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

உம்மா சாய்ந்தமருதில், கடற்கரைக்குக் கிட்டிய ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி. கல்யாணமான பிறகும் விடாமல் வெளிவாரியாகப் படித்து வர்த்தகப் பட்டம் எடுத்தார். கடல் ஊருக்குள் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போனபோது நான் கைக்குழந்தை. என்னையும் சான்றிதழ்ப் பையையும் தூக்கிக்கொண்டு ஓடியதாக உம்மா சொல்வார். நனைந்த அந்தச் சான்றிதழைக் காயவைத்து எடுத்துக்கொண்டுதான் கல்முனையில் ஒரு நிதிக் கம்பனியின் கிளைக்கு வேலை கேட்டுப் போனார். எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

அதே கிளையில் உம்மாவின் மூத்த சகோதரர் கடன் உத்தியோகத்தராக இருந்தார். உம்மாவுக்கு அவர் காக்கா, எனக்குப் பெரிய மாமா. இந்த மலர் அவர் கைக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும்.

உழவு இயந்திரத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் தறிக்கும் கடன் கேட்டு வருகிறவர்களின் நிலைமையை நேரில் போய்ப் பார்த்து, அவர்களால் கட்ட முடியுமா என்று ஆராய்ந்து, கோப்பு எழுதி ஒப்பமிடுவது பெரிய மாமாவின் வேலை. மாமாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. வயல் வரம்பில் நடந்தால் சப்பாத்து கெட்டுப்போகும். "தங்கச்சி, நீ ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா கா" என்று ஒரு நாள் சொன்னார். அந்த ஒரு நாள் பதினொரு வருடம் நீண்டது. சவளக்கடை வயல்களுக்கும் மருதமுனைத் தறிவீடுகளுக்கும் உம்மா பஸ்ஸில் போனார். கேள்விகளைக் கேட்டார், கணக்கைப் பார்த்தார், கோப்பைத் தன் கையால் எழுதினார். கம்பனியின் கடன் ஒருவருக்குப் பொருந்தாது என்று கண்டால், எந்த வங்கி பொருந்தும் என்று சொல்லி அங்கே அனுப்பியும் வைத்தார். கடைசியில் மாமா ஒப்பமிட்டார்.

உம்மா எழுதிய கோப்புகளில் கடன் கட்டப்படாமல் முறிவது அபூர்வம். அதற்காக மாமாவை முகாமையாளராக்கினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து கேடயமும் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்தவர்களுக்கு ரோல்ஸும் பட்டீஸும் ஒழுங்குசெய்த பொறுப்பு உம்மாவுடையது.

"வட்டிக் கம்பனியில பொம்புள வேல செய்றா" என்று குடும்பத்துக்குள் கதைத்தவர்களையும் நான் மறக்கவில்லை. கதைத்தவர்களில் ஒருவர் அடுத்த மாதமே முச்சக்கர வண்டிக்குக் கடன் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓம், வட்டி பாவமெண்ட பயம் எனக்கும் இரிக்கு. அத நானும் அல்லாஹ்வும் பாத்துக்கொள்றம். நீங்க உங்கட படிவத்த நிரப்புங்க." உண்மையில் அந்தப் பயம் உம்மாவிடம் கடைசிவரை இருந்தது. ஆலிம்களிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்பார், புத்தகம் வாசிப்பார், மனம் குழம்புவார். ஏசியவர்கள் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார்கள்.

அவுஸ்திரேலியாவுக்குத் திறமையின் அடிப்படையில் குடியேறக்கூடிய தொழில்களின் பட்டியலில் 'நிதித் தரகர்' என்று இருப்பதை உம்மா கண்டார். கடன் வேண்டியவரின் நிலையை ஆராய்ந்து, பொருத்தமான இடத்தைத் தேடிக் கொடுக்கும் தொழில். "நான் இவ்வளவு காலமும் செஞ்சது இதுதானே!" என்று வாப்பாவிடம் சிரித்துச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. வாப்பா அன்றே சரி என்றார். அதற்காகப் "பொஞ்சாதிர வீசாவுல தொங்கிப் போறவன்" என்று வாப்பாவுக்குப் பட்டம் வைத்தவர்களே, நீங்களும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஆங்கிலப் பரீட்சையில் உம்மா முதல் தடவையே தேறினார். அடுத்து, செய்த வேலை உண்மையிலேயே அந்த வேலைதானா என்று அந்த நாட்டு மதிப்பீட்டுச் சபை பார்க்கும். அதற்கு, என்னென்ன வேலை செய்தார் என்று முகாமையாளர் கம்பனிக் கடிதத்தாளில் எழுதித் தரவேண்டும். முகாமையாளர் யார் என்று சொல்லத் தேவையில்லை. உம்மா வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"காக்கா, பொய் எழுதச் சொல்லல்ல. நான் செஞ்சத மட்டும் எழுதித் தாங்க."

"நீ செஞ்சதெண்டு எழுதினா, அப்ப நான் என்ன செஞ்சன் எண்டு ஹெட் ஒபிசுல கேக்கமாட்டானுகளா? ஒப்பம் முழுக்க என்ட."

"ஒப்பம் உங்கட. எழுத்து என்ட."

"ஒனக்கென்ன கா, பைத்தியமா? புருசன் இரிக்கான், புள்ள இரிக்கி. ஊட்டுல இரி."

ஒரு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தட்டச்சு செய்தல், கோப்பு அடுக்குதல், வாடிக்கையாளருக்குத் தேநீர் ஒழுங்குசெய்தல். இந்த மூன்றும்தான் என் உம்மாவின் பதினொரு வருடம் என்று மாமா ஒப்பமிட்டிருந்தார். வட்டிலப்பத்தை மட்டும் முழுவதும் சாப்பிட்டிருந்தார்கள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

கொழும்பில் ஒரு முகவர், வேறு கடிதம் "செய்து" தருவதாகச் சொன்னார். உம்மா மறுத்தார். "பொய்யக் கொண்டு போனா, அங்க போயும் அந்தப் பொய்யத்தான் காக்கணும்" என்றார். இருந்த கடிதத்தையே அனுப்பினார், செய்த வேலையைத் தானும் விவரமாக எழுதி வைத்தார். சபை மறுத்துவிட்டது. எழுதுவினைஞர், நிதித் தரகர் அல்லர். மறுப்பு வந்த நாலாம் நாள் உம்மா விடியப் பஸ் ஏறிச் சவளக்கடைக்குப் போனார்.

கடன் எடுத்தவர்களிடம் கோப்பின் பிரதி ஒன்று இருக்கும். கோப்பு முழுவதும் உம்மாவின் கையெழுத்து, அடியில் மட்டும் மாமாவின் ஒப்பம். அங்கே நிறைய வயலுள்ள ஒரு வயோதிபப் போடியார் இரும்புப் பெட்டியைத் திறந்து பிரதியை எடுத்துத் தந்தார். "புள்ள, என்ட வயலுக்கு வந்தது நீ. உன்ட காக்காவ நான் ஒபிசுக் கதிரையில மட்டும்தான் கண்டிரிக்கன். எங்க ஒப்பம் வைக்கணும், சொல்லு" என்றாராம். கோப்பை எழுதியது உம்மாதான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுத்த முதல் ஆள் அவர்தான். பிறகு மருதமுனைத் தறிக்காரர்கள் வந்தார்கள், காரைதீவிலிருந்து விவசாயிகள் வந்தார்கள். வேலைநாளை விட்டுவிட்டு வந்த அந்த ஆட்களில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பிரதிகளோடும் சத்தியக் கடதாசிகளோடும் உம்மா மறுபடி விண்ணப்பித்தார். இம்முறை அவரை நிதித் தரகர் என்று சபை ஏற்றுக்கொண்டது. எங்களை வழியனுப்ப மாமா வரவில்லை.

மெல்பேர்னில் உம்மா மறுபடி படித்துத் தரகருக்கான சான்றிதழ் எடுத்தார். பின்பு மூத்த தரகர் ஒருவரின் கண்காணிப்பில் இரண்டு வருடம் வேலை செய்தார். வாப்பா பேக்கரியில் வேலைக்கு நின்றார். முதன்முதலாகத் தானே பொறுப்பேற்று அனுப்பிய கோப்பில், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தன் பெயர் இருந்ததைப் படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்பினார். வாப்பா அதை இன்னும் தொலைபேசியில் வைத்திருக்கிறார்.

தன் பெயரில் உம்மா வேலை செய்தது இரண்டு வருடம்கூட இல்லை. நோய் வந்தது. கடைசி வாரத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி, தன் வாடிக்கையாளர்களை எந்தத் தரகரிடம் ஒப்படைப்பது என்று ஒவ்வொருவராகச் சொன்னார். நான் எழுதினேன். எழுதியதை வாங்கிச் சரிபார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை லுஹர் தொழுகைக்கு முன் எங்களை விட்டுப் போனார்.

நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்கு நானும் வாப்பாவும் ஊருக்கு வந்தோம். ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தவர்களிடம் பெரிய மாமா, "என்ட தங்கச்சிக்கு இந்தத் தொழிலப் பழக்கினது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டியவர்கள் எல்லோருக்கும் நடந்தது தெரியும்.

இனி நன்றி. சத்தியக் கடதாசி கொடுத்த ஒவ்வொருவருக்கும், எழுதித் தந்த சமாதான நீதவானுக்கும், இன்று நம்மோடு இல்லாத போடியாருக்காக அவருடைய பிள்ளைகளுக்கும், மெல்பேர்னில் உம்மாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொண்டு உம்மாவோடு நின்ற எங்கள் வாப்பாவுக்கும் அல்லாஹ் நிறைவான கூலியைக் கொடுப்பானாக.

பெரிய மாமா இந்த மலருக்கென்று ஓர் இரங்கல் உரை அனுப்பியிருந்தார். "நான் கைபிடித்துத் தொழில் பழக்கிய என் அருமைத் தங்கை" என்று தொடங்கியது. அதைத் திருப்பி அனுப்பி, ஒரு வசனம் மட்டும் சேர்த்துத் தரும்படி கேட்டேன்: 'என் ஒப்பத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் எழுதியது என் தங்கை.' மாமா தொலைபேசியில் வந்தார்.

"புள்ள, மௌத்தானவக்கு இனி அது என்னத்துக்கு?"

"அப்ப உங்களுக்கு மட்டும் அது என்னத்துக்கு மாமா?"

மாமா தொலைபேசியை வைத்துவிட்டார். அச்சகத்துக்காரர் எனக்காக இரண்டு தடவை நாளைத் தள்ளிவைத்தார். பதில் வரவில்லை.

ஆகவே அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது அச்சகத்தின் பிழை அல்ல. மேலே 'பெரிய மாமாவின் உரை' என்று தலைப்பு மட்டும் போட்டிருக்கிறேன். நான் கேட்ட வசனத்தை அதில் அச்சடித்து, அடியில் ஒப்பமிட ஒரு கோடும் போட்டுக் கொடுக்கலாமே என்று வாப்பா சமாதானமாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. இந்த ஒரு வசனத்தையாவது மாமா தன் கையால் எழுதட்டும்.

இப்படிக்கு,
மகள்