அரை அங்குலம்

நாற்பது வருஷம் ஊரார் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்ட மனுஷர், சொந்தப் பெண்டாட்டி வரைந்த படத்தைப் பார்க்க வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். இந்தப் பழைய நகரத்து அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்காத வருஷமில்லை. "கையில இருக்கிற வேலை முடியட்டும், போலாம்" என்பார். கடையில் வேலை என்றைக்கு முடிந்தது? போன வருஷம் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இங்கே சுற்றிப் பார்க்க வந்த மகள்தான் அந்தப் படத்தைப் போனில் பிடித்து அனுப்பினாள். "அப்பா, இது அம்மா வரைஞ்சதுதானே?" ஜன்னலில் காயும் துணி, கீழே ஒற்றைச் செருப்பு. அவளேதான், வேறு யார்! பக்கத்து அட்டையில் 'ஓவியர்: தெரியவில்லை' என்றிருந்தது. அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அட்டையில் அவள் பேரை ஏற்றாமல் திரும்புவதில்லை என்று மகளோடு கிளம்பி வந்துவிட்டார்.

மூன்று மாடி ஏறினார்கள். எந்த ராஜா முகத்தையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"இந்த மூலை வாயைப் பொளந்திருக்கு பாரு. எவன் போட்டான் இதை?"

"அப்பா, படத்தையும் கொஞ்சம் பாருங்களேன்."

தொழில் புத்தி எங்கே போகும்! ஆனால் கடைசி அறையில் அவள் வரைந்த படத்தின் முன்னால் சட்டத்தைப் பார்க்கவே மறந்தார். மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மகள் போய் அழைத்துவந்த காப்பாட்சியர் அம்மாள் தன்மையானவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "கையெழுத்து இல்லையே ஐயா?" என்றார்.

"இருந்துச்சு மேடம். கீழ, வலது மூலையில. நான்தான் வெட்டிட்டேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குக் கடையில் சட்டம் ஒன்று தயாராகக் கிடந்தது. படம் அதைவிட அரை அங்குலம் நீளம். இன்னொன்று அறுக்கச் சோம்பல், பிளேடால் ஒரே இழுப்பு. வாடிக்கையாளர் படமென்றால் கை வைத்திருப்பாரா? வீட்டுப் படம்தானே என்ற இளக்காரம்! சாயங்காலம் அதை யாரோ விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்டாட்டி குப்பைக்கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு அதிலேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அவங்க வேற படத்துல கையெழுத்து இருந்தா ஒத்துப் பார்க்கலாம்."

"அதுதான் முதல் படம். அப்புறம் அவ எதுலயும் கையெழுத்தே போடல."

"அம்மா உங்ககூடச் சண்டை போடலையாப்பா?" என்றாள் மகள்.

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்மா." அவர் அழுதார். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லை.

காப்பாட்சியர் தண்ணீர் கொடுத்தார். "ஆதாரம் இல்லாம எழுத முடியாதுங்க. ஆனா சட்டத்துக்குப் பின்னால ஒரு முத்திரை கிடைச்சுது. புது அட்டை இன்னைக்குத்தான் மாட்டுறோம், பாருங்க."

'ஓவியர்: தெரியவில்லை. சட்டம்:' என்று போட்டு, அடுத்து அவருடைய பேர், கடை விலாசத்தோடு.

"மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், என் பேரையாவது எடுத்துடுங்க."

"அது மட்டுந்தானே ஐயா உறுதியா தெரியுது."

அட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள். அவர் மெல்லக் கிட்டே போய், தன் பேரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"அதையெல்லாம் தொடக்கூடாதுங்க," என்றார் காவலாளி.