சீனிமாவுல ஒரு பட்டுச்சேலை

வட்டமான சாமானுக்கு உறை தைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. ஒரு தடவ பேண்டு வாசிக்கிறவரு ஒருத்தரு பெரிய டிரம்மத் தூக்கிட்டு வந்து எங் கடைவாசல்ல வச்சாரு. "பாய், இதுக்கு ஒரு உறை வேணும், மடிப்பே தெரியக்கூடாது"ன்னாரு. நான் சிரிச்சேன். மேல வட்டம், பக்கத்துல நேரா எறங்குது. ஒரே துணிய அதுமேல போட்டா ஓரத்துல மிச்சத் துணி குவியும். அத ஒண்ணு மடிச்சு பிளீட்டு வைக்கணும், இல்ல வெட்டி உள்பக்கமாத் தச்சு டார்ட்டு பிடிக்கணும். வேற வழி கெடையாது. நெல்பேட்டையில தையக்கடை போட்டு உக்காந்திருந்த காலம் பூரா நான் செஞ்சது இதான், மிச்சத் துணிய கண்ணுக்குப் படாம ஒளிக்கிறது. அந்த மனுசன் உறைய வாங்கிட்டு, "மடிப்பு தெரியுதே பாய்"னு மொணங்கிட்டே போனாரு. டிரம்மு அப்பிடி, நான் என்னா செய்ய?

இப்ப எதுக்கு இதச் சொல்றேன்னா, எங்க மருமக கேக்கு செய்யுது.

மருமக ஒரு பெரிய ஜவுளிக்கடையில சேலை செக்சன்ல வேல பாத்துச்சு. கடை தெறந்ததுலருந்து அடைக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுனா கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வாரு பதிஞ்ச தடம் அப்பிடியே குழியா இருக்கும். லீவு நாள்ல சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கேக்கு செஞ்சு குடுக்கும். அதப் பாத்துட்டு வெளியாளு ஒருத்தரு மொதமொதல்ல ஆர்டர் குடுத்தாங்க. பழங்காநத்தத்துல ஒரு டீச்சரம்மா ரிடையர் ஆகுறாங்க, அவங்க மக கேட்டுச்சு. டீச்சரம்மா கல்யாணத்துக்குக் கட்டுன பட்டுச்சேலை, மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டரு, அது கேக்குமேல விரிச்சுப் போட்டமாதிரி இருக்கணுமாம். போன்ல சேலை போட்டாவும் வந்துச்சு.

மருமக என்னைப் பாத்து, "மாமா, இது மட்டும் நல்லா வந்து, நாலு பேரு கேட்டாங்கன்னா கடை வேலைய விட்டுர்றேன். வரலைன்னா வாய மூடிட்டு போய் நிக்கிறேன்"னுச்சு. எம் மகன் கப்பலூர்ல பிளாஸ்டிக் கம்பெனியில இருக்கான். அவனும் சரின்னுட்டான்.

கேக்குமேல சேலை செய்யிற சரக்குக்குப் பேரு பாண்டன்டாம். நம்ம வாய்க்கு அம்புட்டுத்தான் வருது. தூளாப் பொடிச்ச சீனிமாவப் பிசைஞ்சு சப்பாத்தி மாவு கணக்கா ஆக்குறது. அது ஒட்டிப் பிடிக்கிறதுக்கு ஜெலட்டின்னு ஒண்ணு சேப்பாங்களாம். "அது எந்த மிருகத்து எலும்புல எடுத்ததோ மாமா, நமக்கும் ஆகாது. டீச்சர் வீட்டுல சுத்த சைவம், அவங்களுக்கும் ஆகாது"ன்னுச்சு. அதுக்குப் பதிலு கடல்பாசி போட்டுச்சு. நோம்பு தெறக்கையில பால் ஊத்திக் காய்ச்சி, ஆறவச்சு வெட்டித் திங்கிறோம்ல, அதே கடல்பாசி! அதக் கொதிக்கவச்சு, கெட்டிக் குளுக்கோசும் கிளிசரினும் கலந்து சீனிமாவுல ஊத்தும். கிளிசரின் வாங்க என்னையத்தான் அனுப்புச்சு. நான் மெடிக்கல்ல போய் நின்னா கடைக்காரத் தம்பி, "குதிகால் வெடிப்புக்கா பாய்?"ங்கிறாப்ல. கேக்குக்குன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, "திங்கிறதுக்கு வேற இருக்கு பாய், கேக்கு சாமான் விக்கிற கடையில கேளுங்க"ன்னு அனுப்பிவிட்டாப்ல.

மொத ரெண்டு தடவ பிசைஞ்சது வறண்டு, கம்மாக்கரை மண்ணு கணக்கா வெடிச்சிருச்சு. மருமக அசரல. மறுபடி பிசைஞ்சு, கையில நெய் தொட்டு உருட்டி, காத்துப் படாம பாலித்தீன்ல சுத்தி வச்சுச்சு. மறுநாள் எடுத்து இழுத்துப் பாத்தா ரப்பரா நீளுது. எனக்கு அப்பவே ஆச்சரியம் ஆரம்பிச்சிருச்சு. கடல்பாசிய எத்தனையோ நோம்புக்குத் தின்னுருக்கேன், அதுக்குள்ள இப்பிடி ஒரு இழுவை இருக்கும்னு நெனைச்சதில்ல.

சப்பாத்திக்கட்டை பத்தாதுன்னு மகன் புது தண்ணிக்குழாய் ஒண்ணு வாங்கி, சுடுதண்ணி ஊத்திக் கழுவிக் குடுத்தான். மேசையில மாவு தூவி, மஞ்சக் கலரு பாண்டன்ட அதால தேச்சுச்சு. நல்ல காடாத் துணி கனத்துக்கு வந்துச்சு. குழாய்மேல சுத்தி எடுத்து, சாக்லேட்டு பூசி நின்ன வட்டக் கேக்குமேல விரிச்சுவிட்டுச்சு. சொல்லி வச்சமாதிரி ஓரத்துல மிச்சம் குவிஞ்சு மடிப்பு மடிப்பாத் தொங்குது.

எனக்குக் கை துறுதுறுங்குது. "ஏம்மா, கத்திரி எடுத்தாரவா? நாலு எடத்துல டார்ட்டு பிடிச்சா சரியாப் போயிரும்"னேன்.

"மாமா, கத்திரி கித்திரின்னு கிட்ட வந்துராதீங்க. இது துணி இல்ல."

எடது கையால மடிப்ப மெல்லத் தூக்கி விரிச்சுக்கிட்டு, வலது உள்ளங்கையால மேலருந்து கீழ தடவிவிட்டுச்சு. தடவத் தடவ மடிப்பு எறங்கி எறங்கிப் போயி, இல்லாமயே போச்சு. கேக்கச் சுத்தி வந்து முடிச்சப்ப ஒரு சுருக்கம் இல்ல, ஒரு ஒட்டு இல்ல. நான் மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு குனிஞ்சு சுத்திச் சுத்தித் தேடுறேன்.

"மடிப்பு எங்கம்மா போச்சு?"

"உள்ளயேதான் மாமா போச்சு. மாவுல்ல, தள்ளுனா தள்ளுன பக்கம் போகும்."

சொல்லிட்டு அதுபாட்டுக்கு அடுத்த வேலையப் பாக்குது. எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. துணியில மிச்சம்னா மிச்சந்தான், எங்க ஒளிச்சாலும் இருக்கும். இங்க மிச்சத்தையே தின்னு செரிச்சிருச்சு. ஆண்டவன் மனுசனுக்குத் தோலு போத்துனதும் இப்பிடித்தான் இருக்கும்னு தோணுச்சு. முட்டியில, மூக்குல, எங்கயாச்சும் தையல் இருக்கா?

அதுக்குமேல தனியா ஒரு சேலை. அதுக்கு மட்டும் வேணும்னே மடிப்பு வச்சுச்சு, கொசுவம் கலையாம இருக்க அடியில காயிற வரைக்கும் டிஸ்யூ பேப்பர உருட்டிச் சொருகி. நாங்க துணியில தையல் போற வழிக்குக் குறி போட ஒரு பல்லுச் சக்கரம் வச்சிருப்போம். அதே மாதிரி பிளாஸ்டிக்குல ஒண்ண எடுத்து பார்டரு ஓரம் உருட்டுச்சு. "அட, கேக்குக்காரங்களும் நம்ம ஆளுகதானா!"ன்னேன். திங்கிற தங்கப்பொடியத் தூரிகையில தொட்டு ஜரிகை போட்டுச்சு. சேலை முந்தி கேக்குலருந்து வழிஞ்சு அட்டையில விழுந்து கெடந்துச்சு.

மறுநாள் சாயங்காலம் விசேசம். காலைலயே வெயிலு மண்டையப் பொளக்குது. மருமக குளிக்கப் போன நேரத்துல, கேக்கு உருகிறப் போகுதேன்னு எம் மகன் பாசத்துல தூக்கி பிரிஜ்ஜுக்குள்ள வச்சுட்டான். எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. மருமக குளிச்சுட்டு வந்து பாத்துட்டுப் பதறிப்போச்சு.

"ஏங்க, யாரு இத உள்ள வச்சது?"

"நாந்தான். வெயிலு அடிக்குதுல்ல?"

"உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. வெளிய எடுத்தா வேர்க்கும்!"

எப்பிடியும் எடுத்துத்தான ஆகணும். வெளிய எடுத்து மேசையில வச்ச கொஞ்ச நேரத்துல சேலை பூரா முத்து முத்தா வேர்த்துருச்சு. தொட்டா விரலு ஒட்டும் போல. மகன் துண்ட எடுத்துட்டு ஓடி வந்தான். "தொட்டீங்க, அம்புட்டும் போச்சு!"ன்னு மருமக கத்துன கத்துல துண்டு கீழ விழுந்துருச்சு. அரக்கு பார்டரு ஓரத்துல ஒரு சொட்டு, மஞ்சள்ல எறங்கவா வேணாமான்னு தொங்கிட்டு நிக்குது. டிஸ்யூ நுனிய முறுக்கி, மூச்சப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சொட்ட மட்டும் ஒத்தி எடுத்துச்சு. அப்புறம் காத்தாடியப் போட்டுட்டு தரையில உக்காந்துருச்சு. "கடைக்கே போக வேண்டியதுதான் மாமா"ன்னுச்சு, கால நீட்டிக்கிட்டு. மூணு பேரும் கேக்கையே பாத்துக்கிட்டு இருந்தோம்.

காத்துல வேர்வை மெல்ல மெல்ல வத்துச்சு. வத்துனதுக்கப்புறம் பாத்தா, மொதல்ல சுண்ணாம்பு பூசுனமாதிரி மங்கலா இருந்த மஞ்சளு இப்ப மினுங்குது. லேசா, ஒரு பக்கம் சாஞ்சு பாத்தா ஒரு மினுக்கு, இன்னொரு பக்கம் வேற மினுக்கு. பட்டுக்குன்னு உள்ள மினுக்கு அது. "சுப்ஹானல்லா!"ன்னேன். மருமக எந்திரிச்சு நின்னு வாயில கைய வச்சுக்கிருச்சு.

ஆட்டோவுல மருமக மடியில பொட்டி, பக்கத்துல நான். டிரைவரு, "என்னா பாய் பொட்டிக்குள்ள? இம்புட்டு மெதுவா ஓட்டச் சொல்றீங்க?"ன்னாரு.

"பட்டுச்சேலை."

"சேலை குலுங்குனா என்னாங்க பாய்?"

மருமக அன்னைக்கு மொதத் தடவயா சிரிச்சுச்சு.

டீச்சரம்மா வீட்டுல பொட்டியத் தெறந்தப்ப அந்தம்மா அடுப்படியிலருந்து வந்தாங்க. நின்னாங்க. கிட்ட வந்து, ஈரக்கைய கட்டியிருந்த சேலையில நல்லாத் தொடச்சுக்கிட்டு, ஜவுளிக்கடையில பொம்பளைங்க பட்டத் தொட்டுப் பாப்பாங்கள்ல, அதேமாதிரி முந்திய கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல பிடிச்சாங்க. படக்குனு ஒரு துண்டு ஒடிஞ்சு கையோட வந்துருச்சு.

"அய்யய்யோ, கிழிச்சுப்புட்டேனே!"

வீடே சிரிச்சுச்சு. அந்தம்மா அந்தத் துண்ட வாயில போடவும் மனசில்லாம, கீழ வைக்கவும் மனசில்லாம உள்ளங்கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. "வெட்டுறத வேற யாராச்சும் செய்யுங்கப்பா, நான் மாட்டேன்"னுட்டாங்க.

வெட்டித் தட்டுல போட்டுக் குடுத்தாங்க. பாத்தா, முக்காவாசிப் பேரு மேல இருந்த பாண்டன்ட உரிச்சு ஓரமா ஒதுக்கிட்டு உள்ள இருக்கிற கேக்கத்தான் திங்கிறாங்க. திகட்டுதாம். மஞ்சளும் அரக்குமா தட்டுக்குத் தட்டு வெட்டுத்துணி கணக்கா கெடக்கு. எனக்கு வயிறெரிஞ்சுச்சு. "ஏம்மா, ஒனக்கு வருத்தமா இல்லியா?"ன்னேன்.

"எதுக்கு மாமா? பாத்துட்டாங்கள்ல?"

எங்கூட நின்னு பேசிட்டிருக்கும்போதே ரெண்டு பேரு வந்து நம்பர் வாங்குனாங்க. ஒருத்தங்க பேரன் பொறந்தநாளுக்கு ஜல்லிக்கட்டுக் காளை வேணுங்கிறாங்க, இன்னொருத்தங்க வளைகாப்புக்குன்னாங்க. அப்பப் பாத்து கடையிலருந்து சூப்பர்வைசர் போனு. "என்னாம்மா, இன்னைக்கு வரல?"ங்கிறது எனக்கே கேக்குது.

மருமக பக்கத்துல இருந்த சேர இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. "அண்ணே, இன்னைக்கு வரல. நாளைக்கும் வரல. இனிமே வரலண்ணே"ன்னுச்சு. போன மடியில வச்சுட்டு, கேக்குத்தட்ட வாங்கி, பாண்டன்டோட சேத்து ஒரு வாய் தின்னுச்சு.