குனியாமல் பேசும் நண்பன்

"குனியாமப் பேசுடா ரெட்டை," என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே என் காதுக்குப் பின்னால் கத்தரியை ஓட்டுகிறார் சலூன்காரர். கண்ணாடி முன் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள், கடல் தாண்டிய ஊரில் ஒருவர் சிரிக்கிறார். எப்போது பார்த்தாலும் அதே சுவர், முதுகுக்குப் பின்னால் மூடிய ஒரு கதவு.

சலூன்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "முகத்த எவன் சார் பாக்குறான்? எனக்கு உச்சந்தலைதான் முகம்," என்பார். வருஷக்கணக்கில் காணாமல் போன வாடிக்கையாளரைக்கூட, பின்னால் நின்றபடியே அடையாளம் கண்டு குடும்பத்தை விசாரிப்பார். மனுஷன் சும்மா அளக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ரெட்டை அவரோடு ஒரே கடையில் தொழில் பழகியவர். தலையில் இரட்டைச் சுழி. "உனக்கு ரெண்டு கல்யாணம்டா" என்று கிண்டல் செய்தே பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிநாடு போனார், போனவர் போனவர்தான். போன மழைக்காலத்தில் திடீரென்று வீடியோ கால். அதே முகம், அதே குரல். ஒரே நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு இருவரும் பெண் பார்க்கப் போனதுவரை ஒன்று விடாமல் சொன்னார். சலூன்காரர் அழுதேவிட்டாராம்.

அப்போது அந்தப் பக்கம் ஏதோ கீழே விழ, எடுக்க ரெட்டை குனிந்திருக்கிறார்.

"ஒத்தச் சுழிதான் சார் இருந்துச்சு." இன்றைக்கு லைன் அறுந்ததும் குரலை இறக்கி என்னிடம் சொன்னார். "சுழி எங்கயாச்சும் மாறுமா?"

கண்ணாடி வழியே அவரைப் பார்த்தேன். "அப்ப இது யாருங்க?"

"தெரியல."

"கேட்டுட வேண்டியதுதானே?"

சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடியும் துடைத்தார். "கேட்டு, அவன் செத்துட்டான்னு இவன் சொல்லிட்டா? தெனமும் சாப்டியாடான்னு கேக்குறான் சார். எம் பொண்டாட்டி போனப்புறம் அப்படிக் கேக்க எனக்கு ஆளில்ல."

போன் மறுபடி அடித்தது. ரெட்டைதான். சிரிப்பில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா, ரொம்ப நாளா..." என்று தொடங்கியவர், மெல்லத் தலையைக் குனிந்தார்.

சலூன்காரர் கை நீட்டிப் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"சாப்டியாடா?" என்றார், அதன் முதுகைப் பார்த்து.