விரதமும் சர்க்கரை மாத்திரையும்

ஐயா, அம்மா, வணக்கம்.

புரட்டாசி சனிக்கிழமை விரதத்தோடு சித்தூரிலிருந்து அண்ணியோடும் என்னோடும் வந்து திருமலைக்கு அலிபிரிப் படியேறிய என் அண்ணன், பாதிவழியில் வியர்த்து, நாக்குக் குழறிச் சரிந்தார். பெருமாளுக்கென எடுத்துவந்த வெல்லத்தை அண்ணி தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். கண் தெளிந்தது.

"சர்க்கரை இறங்கிப்போச்சு. வெறும் வயித்துல சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?" என்றேன்.

"எனக்குத் தெரியாததாடா? ஏஐ கிட்ட கேட்டுக்கினுதான் போட்டேன்."

அவருடைய போனை வாங்கிப் படித்தேன். 'மாத்திரை விழுங்கினால் விரதம் கெடுமா?' என்பதே கேள்வி. 'கெடாது' என்பதே பதில். சர்க்கரை நோயைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

"விரதத்துக்குக் கேட்டியே, உசுருக்குக் கேட்டியாய்யா?" என்று அண்ணி அலறினார்.

உடனே கீழிறங்கித் திருப்பதி மருத்துவமனையில் சேர்த்தோம், பிழைத்தார். கேட்ட கேள்விக்கு அந்தப் பதிலில் பிழையே இல்லை என்பதுதான் இன்றும் என்னைத் திடுக்கிடச் செய்கிறது.

இந்த அனுபவத்தைத் தயவுசெய்து பத்திரப்படுத்தி வையுங்கள்.