ஸ்க்ரீனப் பாருங்க அக்கா

சித்ரகலாவுக்கு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, அதன் பக்கத்தில் இருக்கும் வெறுமையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓரக்கண்ணில் அது வந்து நிற்கும். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை, வெள்ளை பனியன் துணியில் மெஷின் எண்ணெய் சொட்டியது மாதிரி.

கறைகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். முதலிபாளையத்தில் உள்ள அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்றவள். ட்யூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. அவள் பார்த்து அனுப்பிய துணியை யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். அந்தக் கண்ணில்தான் இப்போது கறை.

சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்றார் கண் டாக்டர். ஊசி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது வராது. வேலம்பாளையத்து வீட்டில், சாயப்பட்டறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் கணவர் ஆறுச்சாமியிடம், "சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்காமுங்க" என்று மட்டும் சொன்னாள். கம்பெனியில் அதைக்கூடச் சொல்லவில்லை.

காரணம் தெய்வாத்தாள். அதே டேபிளில் எதிரே நின்றவள். போன வருஷம் அவள் பார்த்து அனுப்பிய ஒரு லாட் துணியில் ஓட்டைகள் தப்பிப் போயின. பேக்கிங் மேனேஜர் மகுடேஸ்வரன் அவளைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "கொஞ்ச நாள் ஊட்ல ரெஸ்ட் எடுங்க அம்மணி" என்றார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. தெய்வாத்தாள் இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து பனியன் வேஸ்டைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் ஸ்டிக்கர் அடிக்கும் மேசையில் இடம் காலியானதும் சித்ரகலா முந்திக்கொண்டு போய்க் கேட்டாள். பிளஸ் டூ பாஸ், இங்கிலீஷ் எழுத்து தெரியும். கம்ப்யூட்டரில் ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை வேண்டும் என்று கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் கவருக்கும் கார்ட்டனுக்கும் ஒட்டும் ஸ்டிக்கரை அடித்துத் தள்ளும். கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, உனக்குக் கண் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கும் என்பது அவள் கைக்குப் பழகியிருந்தது. அது கெட்டுப்போக, கம்பெனியில் வேறு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் எல்லாமே இடம் மாறியிருந்தது. சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் படங்கள்.

அவிநாசி ரோட்டில் கடை வைத்து, பல கம்பெனிகளின் கம்ப்யூட்டரைப் போனிலேயே பார்த்துக்கொள்பவன் வேல்குமார். நல்ல பையன். பொறுமைசாலி. புதிதாகக் கற்பவர்களுக்குப் படம்தான் சுலபம் என்று நம்புகிறவன். ஸ்க்ரீனைப் படம் பிடித்து, அமுக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பிறகு கூப்பிடுவான்.

"மேல வலது பக்கம் பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்குதுங்களா அக்கா?"

"ஆமாங்க தம்பி."

"அத அமுக்குங்க. பொட்டி ஒண்ணு வந்துச்சுங்களா?"

"வந்துதுங்க."

"அதுல பச்சையா இருக்கறத அமுக்குங்க."

"ஆச்சுங்க."

ஒன்றும் ஆகியிருக்காது. பல்சக்கரம் அவள் கண்ணுக்கு வந்ததே இல்லை. மவுஸ் அம்பு எங்கே போனதென்றே தெரியாது. ஆனால் அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையிடம், ஆகவில்லை, தெரியவில்லை என்று எத்தனை தடவை சொல்ல முடியும்? அவனையே குறை சொல்வது போல இருக்கும். அதற்கும் மேலாக, ஏன் தெரியவில்லை என்று கேட்டுவிட்டால்? கடைசியில் வேல்குமார், "அப்புறம் ஏனுங்க பிரிண்ட் வரல?" என்று குழம்புவான். பைக்கை எடுத்துக்கொண்டு வந்து அவனே சரிசெய்துவிட்டுப் போவான்.

ஒருநாள் அவன் வேறு கம்பெனிக்குப் போயிருந்தபோது கடையில் வேலை செய்யும் யாழினி போனை எடுத்தாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் காது கூர்மை. இரண்டு 'ஆச்சுங்க' கேட்டதுமே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, படத்தையெல்லாம் மூடிருங்க. கீபோர்டுல நான் சொல்ற மூணு பட்டனை ஒண்ணா அமுக்குங்க."

"கறுப்பா ஒண்ணு வந்துதுங்க கண்ணு." இந்த முறை உண்மையாகவே வந்தது. இவ்வளவு பெரிய கறுப்பை அவளால்கூடத் தவறவிட முடியாது.

"எழுத்து சின்னதா இருக்குதுங்களா?"

சித்ரகலா ஹாலைச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆமாங்க."

"இப்ப வேற பட்டன் சொல்றேன். அமுக்க அமுக்கப் பெருசாகும். போதுங்கற வரைக்கும் அமுக்குங்க, கம்ப்யூட்டரு ஒண்ணும் சண்டைக்கு வராது."

அவள் அமுக்கினாள். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து பஸ் போர்டு எழுத்தளவுக்கு வளர்ந்து நின்றது.

"நான் சொல்றத ஒவ்வொரு எழுத்தா அடிங்க. என்டர் தட்டுனதும் அது ஏதாச்சும் சொல்லும். ஆச்சுன்னு சொல்லாதீங்க. என்ன வருதோ அத அப்படியே வாசிங்க."

அவள் அடித்தாள். வந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஓரிடத்தில் ஸ்பேஸ் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி அடித்ததும் பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. சித்ரகலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போனை வைப்பதற்குள், கடைக்குத் திரும்பி வந்த வேல்குமாரின் குரல் கேட்டது. "அவங்களுக்குப் போயி கறுப்பு ஸ்க்ரீனத் திறந்து விட்டிருக்கறே. அர்த்தம் தெரியாம அடிப்பாங்க. ஏதாச்சும் மாத்தி அடிச்சா யாரு பாக்கறது?"

"நீங்க வட்டம் போட்ட படத்துக்கும் அர்த்தம் தெரியாமத்தானுங்க அமுக்கறாங்க. இதுலயாச்சும் அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுதில்ல."

இரண்டிலும் நியாயம் இருந்தது. சித்ரகலாவுக்கு அந்தச் சொற்களின் அர்த்தம் இன்றுவரை தெரியாது. ஆனால் கார்ட்டன் அட்டையைக் கிழித்து, தடித்த மார்க்கர் பேனாவால் அந்த வரியைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தாள். கொஞ்ச நாளில் அட்டையும் தேவைப்படவில்லை. முதலில் ஒரு சொல், அப்புறம் ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை, என்டர். விரல்கள் தாமாகவே போயின. கம்ப்யூட்டர் பதில் சொன்னால் கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி அதைப் படித்துக்கொள்வாள். மவுஸ் மேசையின் ஓரத்தில் தூசி பிடித்துக் கிடந்தது.

பேக்கிங்கில் கவர் போடும் கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. அவள்தான் கிண்டல் செய்வாள். "ஏக்கா, அந்தக் கறுப்புப் பொட்டிக்கு ஒரு பொட்ட வச்சுவிட்டேன்னா எங்கூரு கருப்பசாமியேதான். சூடம் வாங்கியாரவா?"

"வாங்கிட்டு வா. கேட்டதக் கொடுக்குதில்ல, சாமிதான்."

யாழினி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அது நல்ல செய்திதான்.

பிறகு, துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஆள் வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். மகுடேஸ்வரன் ஹாலைச் சுற்றி வந்தவர் ஸ்டிக்கர் மேசைக்கு முன்னால் நின்றார். "இதென்னங்க அம்மணி, பொட்டிக்கடை போர்டாட்ட இத்தாச்சோடு பெருசா எழுத்து. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? நீங்க ஒருநாள் லீவு போட்டா இத வேற யாருங்க ஓட்டறது?" அட்டையை அவரே சுவரிலிருந்து உரித்து எடுத்தார்.

வேல்குமாரிடம் சொல்லி, யார் வந்தாலும் அமுக்கும்படி சுலபமாக ஒன்று செய்யச் சொன்னார். வேல்குமார் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து அதைச் செய்தான். டீ-ஷர்ட் படங்கள், ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதன் சைஸ், கீழே ஒரு பிரிண்டர் படம். தட்டவே வேண்டாம். அந்த அக்கா பட்ட கஷ்டம் எல்லாம் இதோடு தீர்ந்தது என்று நினைத்தான். திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய வரி இனி வேலை செய்யாதபடி நிறுத்தியும் வைத்தான். தெரியாமல் மாற்றி அடித்து அவள் திட்டு வாங்கிவிடக் கூடாது என்கிற அக்கறையில்.

"உங்களுக்காகத்தானுங்க அக்கா, மெனக்கெட்டுப் பண்ணுனேன்."

"நல்லா இருக்குதுங்க தம்பி." எதைச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள். "அந்தப் பழையதும் ஒரு பக்கமா இருக்கட்டுங்களே. எனக்கு அதுல கை பழகிருச்சுங்க."

"இதுல ரெண்டு நாள்ல பழகிரும். எதுக்குங்க எழுத்து எழுத்தா அடிச்சிட்டு?"

அவனிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். தனியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் அவன் தோளுக்குப் பின்னால் மகுடேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். கார்ட்டன் ஏற்ற லாரி வெளியே காத்திருந்தது. ஏற்றுகிறவர்கள் இந்தியில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கீங்க, எக்ஸ்.எல். சைஸ் அடிங்க பாக்கலாம்" என்றார் மகுடேஸ்வரன்.

அவள் மவுஸைப் பிடித்தாள். அம்பைத் தேடினாள். முகத்தைத் திருப்பி, ஸ்க்ரீனுக்கு வெளியே, பிரிண்டர் பக்கமாகப் பார்த்தாள். ஓரக்கண்ணில் வண்ணங்கள் அசைந்தன. உள்ளே இருக்கும் எழுத்து எதுவும் வரவில்லை.

"ஸ்க்ரீனப் பாருங்க அக்கா" என்றான் வேல்குமார், அன்பாக.

ஸ்க்ரீனைப் பார்த்தாள். கறை மட்டும் இருந்தது. கடைசிப் படமாகத்தான் இருக்கும் என்று கையை நகர்த்தி அமுக்கினாள். கீழே கொண்டுபோய் மறுபடி அமுக்கினாள். பிரிண்டர் ஓடியது.

"ஆச்சுங்க."

மகுடேஸ்வரன் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "இது சின்னக் குழந்தைங்க சைஸுங்க."

வேல்குமார் எட்டிப் பார்த்தான். பிறகு சித்ரகலாவின் முகத்தை, அது திரும்பியிருந்த பக்கத்தை, பிரிண்டருக்கு மேல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்களைப் பார்த்தான். "என் ப்ரோகிராம்லதானுங்க சார் தப்பு. படம் இடம் மாறி நிக்குது. நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

மகுடேஸ்வரன் ஸ்டிக்கரை அவள் முன்னால் நீட்டினார். "அம்மணி, இதுல என்ன போட்டிருக்குது? வாசிங்க."

வேல்குமார் இவ்வளவு பெரிய பொய் தனக்காகச் சொன்னதைக் கேட்ட பிறகு மறுபடி ஒரு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்ன வருதோ அத அப்படியே வாசிங்க என்ற யாழினியின் குரல் எங்கோ கேட்டது.

"ஒண்ணும் வரலீங்க" என்றாள் சித்ரகலா.

கருத்தம்மா கையிலிருந்த கவர் சரசரப்பதை நிறுத்தியது.

சாயங்காலம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டிருந்தது. டீ வந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் மகுடேஸ்வரன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கறுப்பு ஸ்க்ரீன்ல நல்லாத் தெரியுதுங்க. அதுல ஒரு தப்பும் பண்ணுனதில்லீங்க."

"ஒருத்தருக்காக ஒரு ஸ்க்ரீன் வெக்க முடியாதுங்க அம்மணி. பையர் வர்ற நேரம்."

"மடிக்கிற வேலைக்காச்சும்..."

"பாக்கலாமுங்க." அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். "கொஞ்ச நாள் ஊட்ல ரெஸ்ட் எடுங்க."

சித்ரகலா டீயைக் குடித்து முடித்தாள். மிச்சம் வைப்பது மரியாதையாக இருக்காது.

வெளியே வந்தபோது கம்பெனி வேன் போய்விட்டிருந்தது. ரோட்டோரம் போய் நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பஸ்கள் வந்தன, நின்றன, போயின. போர்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கறை. முகத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். பக்கத்தில் நின்றவரிடம் கேட்கலாம். கேட்டால், போர்டு தெரியலீங்களா என்பார்.

பைக்குள் போன் அடித்தது. தடவி எடுத்தாள்.

"அக்கா, நான் வேல்குமாருங்க." அவன் குரல் சரியில்லை. "எம்.டி.கிட்டப் பேசறேனுங்க அக்கா. பழையபடி கறுப்பு ஸ்க்ரீனே போட்டுத் தர்றேன். ஒரு வாரம் பொறுத்துக்கங்க. நான் பேசறேன்."

"சரிங்க தம்பி."

"எனக்குத் தெரியலீங்க அக்கா. சத்தியமாத் தெரியல."

"அதனால என்னங்க. நீங்க நல்லதுக்குத்தானே பண்ணுனீங்க."

எதிரே இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்று, கிளம்பியது.

"ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?"

சித்ரகலா பஸ் போன திசைக்குக் கொஞ்சம் தள்ளி, யாருமில்லாத பக்கத்தைப் பார்த்தாள்.

"ஆச்சுங்க" என்றாள்.